இல்லாமல் போன நாடுகளை ஆல்பத்தில் அடுக்குவது எப்படி

என் மேசைமேல் நான்கு தபால் உறைகள் இருக்கின்றன. நான்கையும் அனுப்பியவர் கிழக்கு ஜெர்மனியில் இருந்த என் பேனா நண்பர். நான்கும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. ஆனால் அனுப்புநர் முகவரி நான்கிலும் வெவ்வேறு. 1990 மார்ச்சில் வந்த உறையில் ஊர் கார்ல் மார்க்ஸ் ஸ்டாட், நாடு டி.டி.ஆர்., அதாவது கிழக்கு ஜெர்மனியின் ஜெர்மன் பெயர்ச்சுருக்கம். ஆகஸ்டில் வந்ததில் ஊர் கெம்னிட்ஸ் ஆகிவிட்டது, நாடு பழையபடி டி.டி.ஆர். 1991 உறையில் அஞ்சல் எண்ணுக்கு முன்னால் 'ஓ' என்று ஓர் எழுத்து புதிதாக வந்து நிற்கிறது. கிழக்கு என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. 1993 கடைசியில் வந்ததில் அந்த 'ஓ'வும் போய், நான்கு இலக்க எண் ஐந்து இலக்கமாகியிருக்கிறது. இத்தனைக்கும் அந்த நாலு வருடத்தில் வீட்டில் ஒரு கட்டிலைக்கூட இடம் மாற்றவில்லை என்று அவர் எழுதியிருந்தார்.

நான் பாளையங்கோட்டையில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1976இல், பன்னிரண்டு வயதில், தபால்தலை சேர்க்கத் தொடங்கினேன். எங்கள் தலைமுறைப் பையன்களின் ஆல்பம் எதைத் திறந்தாலும் பாதிப் பக்கங்களைச் சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளி நாடுகளும்தான் அடைத்துக்கொண்டிருக்கும். விலை மலிவு, படம் பெரிது, விண்வெளிக் கப்பலுக்குக் குறைவே இல்லை. அந்தப் பையன்கள் இப்போது பரணிலிருந்து ஆல்பத்தை இறக்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட உட்கார்ந்து, திணறிப்போய் எனக்குப் போன் செய்கிறார்கள். யூகோஸ்லாவியாவை எந்த நாட்டோடு சேர்ப்பது? டி.டி.ஆரைக் கிழித்துப் போட்டுவிடலாமா? அவர்களுக்குச் சொல்வதையே இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பனிப்போர் முடிந்த அந்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு மட்டுமே இந்த முறை. மற்றப் பக்கங்களை உங்கள் வழக்கப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம்

உறையின் மூலையைக் கத்தரித்து, கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தபால்தலை கழன்றதும் தாளில் கவிழ்த்து உலர்த்துவது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். இந்தக் காலத்து உறை கையில் கிடைத்தால் அந்தப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். என் ஜெர்மன் நண்பரிடமிருந்து அந்த நாலு வருடத்தில் பதினெட்டுக் கடிதங்கள் வந்தன. பதினான்கின் உறைகளை நானே கரைத்துவிட்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, புத்தி வந்திருக்க வேண்டிய வயதுதான். கழன்று வந்த தபால்தலைகள் இன்றும் ரூபாய்க்கு நாலு பெறாதவை. போனது முத்திரையின் ஊர்ப்பெயர், தேதி, அனுப்புநர் முகவரி, எது எதனோடு சேர்த்து ஒட்டப்பட்டது என்ற தகவல். மிஞ்சிய நான்கும் என் அம்மா பால் கணக்கு எழுதி வைத்திருந்ததால் தப்பித்தன.

ஆகவே உறையை உறையாகவே வையுங்கள். ஆல்பத்தில் அடங்காவிட்டால், முதல் நாள் உறை (தபால்தலை வெளியாகும் நாளின் முத்திரையோடு வரும் உறை) வைக்கும் பிளாஸ்டிக் பை போதும். பழைய சோவியத் தபால்தலைகளில் இன்னொரு தொல்லை உண்டு. சேகரிப்பாளர்களுக்கென்றே மூலையில் கச்சிதமாக முத்திரை குத்தி, பின்பக்கப் பசை நக்கப்படாமலே விற்றவை அவற்றில் ஏராளம். ஐப்பசி அடைமழையில் அந்தப் பசை இளகிப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்பத்தைப் படுக்கப்போட்டு அடுக்காமல் நிற்க வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கும் ரஷ்யப் பசை பிடிக்கும்.

எதை முதலில் பார்ப்பது

லென்ஸை எடுத்துக்கொண்டு பெயர், விலை, எழுத்து, படம் என்ற வரிசையில் பாருங்கள். நாட்டின் பெயர் என்ன, எந்தப் பணத்தில் விலை போட்டிருக்கிறது, எந்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது, யாருடைய படம். இந்த நான்கும் ஒரே நாளில் மாறுவதில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று பக்கத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பத்து நாடுகளுக்குக் குறித்து முடிக்கும்போது ஒன்று கண்ணில் படும். எனக்கு அது படுவதற்கு ஏழெட்டு வருடம் ஆனது. பெரிய நாட்டிலிருந்து பிரிந்து போனவற்றில் பெயர் முதலில் மாறியிருக்கும், பணம் பின்னால் வரும். இன்னொன்றோடு இணைந்து கரைந்துபோன கிழக்கு ஜெர்மனியிலோ பணம் முதலில் மாறியது, பெயர் பிறகுதான் போனது.

ஜெர்மனி

1990 ஆகஸ்டு உறையை எடுத்துக் காட்டுகிறேன். பின்பக்கம் நண்பர் தன் கையால் டி.டி.ஆர். என்று எழுதியிருக்கிறார். முன்பக்கத் தபால்தலையில் அந்தப் பெயர் இல்லை. 'டாய்ச்சே போஸ்ட்', அதாவது ஜெர்மன் அஞ்சல் என்று மட்டும் இருக்கிறது. விலை மேற்கு ஜெர்மனியின் மார்க்கில். அந்த ஜூலை 1ஆம் தேதி மேற்கின் மார்க் கிழக்கின் பணமாகிவிட்டது. மறுநாளே பெயரில்லாத இந்தத் தபால்தலைகள் விற்பனைக்கு வந்தன. அக்டோபர் 3ஆம் தேதிதான் நாடு இணைந்தது. ஆக, மூன்று மாதம் அரசு இருந்தது, நாடாளுமன்றம் இருந்தது, தபால்தலையில் மட்டும் நாட்டின் பெயர் இல்லை. இந்த மூன்று மாதத்துக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இவை 1991 டிசம்பர் 31 வரை செல்லுபடியாயின என்பதால் இணைப்புக்குப் பிந்தைய முத்திரையோடும் கிடைக்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

'ஓ' எழுத்துக்கு வருகிறேன். இரண்டு ஜெர்மனிகளும் தனித்தனியாக நான்கு இலக்க அஞ்சல் எண் வைத்திருந்தன. இணைந்தபோது ஒரே எண் இரண்டு ஊருக்கு இருந்தது. அதனால் கிழக்குக்கு 'ஓ', மேற்குக்கு 'வெ' என்று முன்னெழுத்து சேர்த்துச் சமாளித்தார்கள். 1993 ஜூலை 1இல் நாடு முழுவதற்கும் ஐந்து இலக்க எண் வந்தது. அரசியல் இணைப்பு நடந்து கிட்டத்தட்ட மூன்று ஆண்டுக்குப் பிறகுதான் தபால்காரருக்கு ஒரே ஜெர்மனி கிடைத்தது.

கெம்னிட்ஸ் கதையையும் உறைக்கு அடியில் இரண்டு வரி எழுதி வைக்கலாம். 1953இல் அதற்குக் கார்ல் மார்க்ஸ் பெயரை வைத்தார்கள். 1990 ஏப்ரலில் ஊர் மக்களிடம் வாக்கெடுத்து, ஜூன் 1இல் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். மார்க்ஸின் ஏழு மீட்டர் உயர வெண்கலத் தலை மட்டும் நடுத்தெருவில் இன்னும் இருக்கிறது. என் நண்பர் நெசவு இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். 1991 கடிதத்தில், கடைகளில் எல்லாம் கிடைக்கிறது, வேலைதான் இல்லை என்று எழுதியிருந்தார். கிழக்கின் தொழிற்சாலைகள் மேற்கின் வலுவான பணத்தில் கூலி கொடுக்கவேண்டி வந்தது. அவற்றின் பொருள்களை வாங்கிக்கொண்டிருந்த சோவியத் சந்தையும் அதே நேரத்தில் வறண்டது. மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்த கெம்னிட்ஸ் மக்கள்தொகை பின்னர் இரண்டரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

சோவியத் ஒன்றியம்: ஒரு நடுப்பக்கம், சுற்றிலும் பதினைந்து

சோவியத் தபால்தலையின் ரஷ்ய எழுத்தை ஆங்கிலமாக நினைத்து என் மாணவர்கள் 'சி.சி.சி.பி.' என்று படிப்பார்கள். அதை 'எஸ்.எஸ்.எஸ்.ஆர்.' என்று படிக்கவேண்டும். 1991இல் வெளியான தபால்தலைகளை நடுப்பக்கத்தில் வைத்துவிட்டு, பதினைந்து குடியரசுகளுக்கும் தனித்தனிப் பக்கம் போடுங்கள். கர்பச்சோவ் பதவி விலகிய 1991 டிசம்பர் 25 என்ற ஒரே தேதியைப் பதினைந்து பக்கத்திலும் எழுதிவிடாதீர்கள். அது மாஸ்கோவின் தேதி.

லித்துவேனியா 1990 மார்ச் 11இல் விடுதலையை அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 7இல், ஓரத்தில் பல் வெட்டாத எளிய தபால்தலைகளை வெளியிட்டது. மாஸ்கோ அதை நாடாக ஒப்புக்கொண்டது 1991 செப்டம்பரில். எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றுக்கும் 'புதிய நாடு' என்று தலைப்பிடுவதும் தவறு. இரண்டு உலகப்போர்களுக்கு இடையில் அவை தனிநாடுகளாக இருந்து தபால்தலை வெளியிட்டவை. 1940இல் பறிபோனதை மீட்டதாகவே அவை சொல்கின்றன. பழைய ஆல்பத்தில் அந்தக் காலத்துத் தலை ஒன்றிரண்டு இருந்தால் அதே பக்கத்தின் மேலே ஒட்டி, நடுவில் அரைப்பக்கம் வெறுமையாக விடுங்கள். என் ஆல்பத்தில் பார்ப்பவர்கள் விரல் வைத்துக் கேட்கும் இடம் அதுதான்.

எஸ்டோனியாவில் பெயருக்கும் பணத்துக்கும் உள்ள இடைவெளி தெளிவாகத் தெரியும். 1991 அக்டோபரில் வந்த அதன் முதல் தபால்தலைகளில் நாட்டின் சொந்தச் சின்னம் இருக்கிறது, விலையோ சோவியத் ரூபிளின் சில்லறையான கோபெக்கில். சொந்தப் பணமான குரோன் 1992 ஜூன் 20இல்தான் வந்தது. ஒருவருக்கு 1,500 ரூபிள் வரை, பத்து ரூபிளுக்கு ஒரு குரோன் என்று மாற்றிக் கொடுத்தார்கள். எட்டு குரோன் ஒரு ஜெர்மன் மார்க் என்று விலையைக் கட்டிவைத்தார்கள். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ரூபிள் நோட்டை அச்சடிக்கும் இயந்திரம் மாஸ்கோவிடம், அந்த ரூபிளில் கடன் கொடுக்கும் மத்திய வங்கிகளோ ஒவ்வொரு தலைநகரிலும். ஒரே பானையிலிருந்து பதினைந்து பேர் அள்ளினார்கள். 1992 ஜனவரி 2இல் ரஷ்யா விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஆண்டில் மட்டும் அங்கே விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறியது. 1993 ஜூலையில் ரஷ்யா பழைய நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்தது. கஜகஸ்தான் அந்த நவம்பர் 15இல் தெங்கே என்ற சொந்தப் பணத்துக்கு மாறியது.

இந்த விலையேற்றத்தை உறையில் கண்ணால் பார்க்கலாம். 1992, 93 ஆண்டுகளில் வந்த உறைகளில் கோபெக் தலைகளை முன்னும் பின்னும் சுவரொட்டி மாதிரி ஒட்டித் தள்ளியிருப்பார்கள். உக்ரைனில் பழைய சோவியத் தலையின் மேலேயே தங்கள் திரிசூலச் சின்னத்தை அடித்து விற்றார்கள். கீவ், லிவிவ் என்று ஊருக்கு ஒரு விதம். இப்படி மேலே அச்சடித்தவற்றை ஆல்பக்காரர்கள் ஓவர்பிரிண்ட் என்போம். கையில் வேறு காகிதம் இல்லாத அரசு பழைய அரசின் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட கதை அது. உக்ரைனின் சொந்தப் பணமான ஹிரிவ்னியா 1996 செப்டம்பர் வரை காத்திருந்தது. அது வந்தபோது ஒரு ஹிரிவ்னியாவுக்கு இடைக்காலப் பணம் ஒரு லட்சம் கொடுக்கவேண்டியிருந்தது.

எழுத்து மாற்றத்துக்கு அஜர்பைஜானைப் பாருங்கள். 1991 டிசம்பரில் சட்டம் போட்டு, ரஷ்ய வகை எழுத்திலிருந்து லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். மால்டோவா 1989 ஆகஸ்டிலேயே மாறிவிட்டது. ஆனால் நீஸ்டர் ஆற்றின் கிழக்குக் கரையில் பிரிந்து நிற்பவர்கள் அதே மொழியை இன்றும் பழைய எழுத்தில் எழுதுகிறார்கள். ஒரு மொழி, ஆற்றுக்கு இக்கரையில் ஓர் எழுத்து, அக்கரையில் ஓர் எழுத்து.

ரஷ்யப் பக்கத்தின் அடியில் எங்கள் மாவட்டத்துச் செய்தித்தாள் துண்டு ஒன்றையும் ஒட்டியிருக்கிறேன். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு ராஜீவ் காந்தியும் கர்பச்சோவும் 1988 நவம்பரில் ஒப்பந்தம் செய்தார்கள். மூன்று ஆண்டில் கையெழுத்திட்ட நாடே இல்லாமல் போனது. 1998இல் ரஷ்யாவோடு மறுபடி பேசி, 2002இல் வேலை தொடங்கி, 2013இல் முதல் மின்சாரம் வந்தது. தபால்தலை ஆல்பத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வைத்திருக்கிறேன்.

வகுப்பறை வரைபடமும் நினைவுக்கு வருகிறது. 1995 வரை எங்கள் பள்ளிச் சுவரில் சோவியத் ஒன்றியம் ஒரே இளஞ்சிவப்பாக விரிந்து கிடந்தது. புதியது கேட்டுக் கேட்டுச் சலித்து, ஒரு சனிக்கிழமை நானே நீல பால்பாயிண்டால் பதினைந்து எல்லைக்கோடுகளையும் இழுத்தேன். உஸ்பெகிஸ்தானையும் கிர்கிஸ்தானையும் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் பிரிப்பதற்குள் கை வலித்துவிட்டது. அந்த எல்லை அப்படி நெளிகிறது. ஒரே நாட்டுக்குள் மாவட்ட எல்லை மாதிரி போட்ட கோடு, திடீரென்று பாஸ்போர்ட் கேட்கும் கோடாகிவிட்டது.

செக்கோஸ்லோவாக்கியா

சண்டையில்லாமல் பிரிந்ததால் சுருக்கமான பக்கம்தான். 1993 ஜனவரி 1இல் இரண்டானது. பொதுச் சொத்தை மக்கள்தொகைக் கணக்கில் இரண்டுக்கு ஒன்று என்று பங்கிட்டார்கள். பொதுப் பணத்தைத் தொடர்வதாகச் சொன்னார்கள், பிப்ரவரி 8 வரைதான் தாங்கியது. புது நோட்டு அச்சாகும்வரை பழைய நோட்டின் மேல் தபால்தலை போன்ற சிறிய ஒட்டுத்தாளை ஒட்டி, இது செக் பணம், இது ஸ்லோவாக் பணம் என்று பிரித்தார்கள். ஒட்டுத்தாளோடு ஒரு நோட்டு கிடைத்தால் தபால்தலைப் பக்கத்திலேயே தாராளமாக வையுங்கள்.

யூகோஸ்லாவியா

இங்கேதான் பொறுமை வேண்டும். இந்த நாடு இரு வல்லரசுகளுக்கும் நடுவில் நின்றது. போட்டி இருந்தவரை இரண்டு பக்கமும் அதைத் தாங்கிப் பிடிக்கக் காரணம் இருந்தது. போட்டி முடிந்ததும் அந்தக் காரணம் போனது. உள்ளே கடனும் இனப்பகையும் முற்றியிருந்தன.

ஸ்லோவேனியா 1991 ஜூன் 25இல் விடுதலையை அறிவித்து, மறுநாளே முதல் தபால்தலையை வெளியிட்டது. கட்டடக் கலைஞர் பிளெச்னிக் வரைந்து, கட்டப்படாமலே போன நாடாளுமன்றத்தின் படம் அது. விலை பழைய நாட்டின் தினாரில். சொந்தப் பணம் அக்டோபரில்தான் வந்தது. போஸ்னியாவுக்கு மூன்று வரிசை தேவை. சரயேவோ, மோஸ்தார், பான்யா லூகா என்று மூன்று அஞ்சல் நிர்வாகங்கள் இன்றுவரை தனித்தனியே வெளியிடுகின்றன. செர்பியாவும் மாண்டினீக்ரோவும் 2003 வரை யூகோஸ்லாவியா என்ற பெயரையே வைத்திருந்ததால், 1992க்குப் பிந்தைய தலைகளைப் பழைய நாட்டோடு கலந்துவிடாதீர்கள். பெயர் ஒன்று, நாடு வேறு. 1993இல் அங்கே 50,000 கோடி தினார் நோட்டு அச்சானது. 2006 வாக்கெடுப்பில் மாண்டினீக்ரோ பிரிய 55 விழுக்காடு வேண்டும் என்று வைத்தார்கள், கிடைத்தது 55.5.

ஏமாறாமல் இருக்க

1994இல் ஒரு தபால்தலைக் கண்காட்சியில், அரை மாதச் சம்பளம் கொடுத்து, உக்ரைன் திரிசூலம் அடித்த ஒரு தொகுதி வாங்கினேன். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் திரிசூல மை தபால் முத்திரையின் மேல் படிந்திருந்தது. முத்திரை குத்திப் பயணம் போன தலையில் பிறகு யாரோ வீட்டில் ரப்பர் ஸ்டாம்பால் அடித்திருக்கிறார்கள். ஓவர்பிரிண்ட் என்றால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்: முத்திரைதான் மேலே இருக்கவேண்டும். பயணம் போன உறையோடு, வந்துசேர்ந்த ஊர் முத்திரையும் பின்பக்கம் இருந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.

நாடே ஐயத்துக்குரிய தலைகள் இன்னொரு ரகம். ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நின்ற அப்காசியாவின் பெயரில் 1990களில் ஒரு ஜோடி வந்தது. மார்க்ஸும் லெனினும் இருந்த இடத்தில் நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸும் பாடகர் ஜான் லெனனும். தபாலுக்காக வந்ததல்ல, சேகரிப்பாளர் பைக்காக வந்தது. எனக்குப் பிடித்த போலி, ஆல்பத்தின் கடைசி அட்டையில் வைத்திருக்கிறேன்.

ஐரோப்பாவுக்கு வெளியே

இந்தப் பக்கங்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அங்கோலாவிலிருந்து கியூபப் படைகள் விலகுவதோடு முடிச்சிட்டு 1988 டிசம்பரில் நியூயார்க்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தால்தான் நமீபியா விடுதலை பெற்றது. தபால்தலையில் 1990 மார்ச் 21க்கு முன் 'எஸ்.டபிள்யூ.ஏ.', அதாவது தென்மேற்கு ஆப்பிரிக்கா, பின் 'நமீபியா'. கம்போடியாவில் கம்பூச்சியா, கம்போடிய அரசு, கம்போடிய முடியரசு என்று நாலு வருடத்தில் மூன்று பெயர்.

இணையும் நாட்டில் பணம்தான் முதலில் மாறும் என்ற என் விதியை உடைத்த பக்கம் யேமன். மாஸ்கோ உதவியில் நின்ற தெற்கு யேமன், அந்த உதவி வற்றியதும் 1990 மே 22இல் வடக்கோடு இணைந்தது. பெயர் ஒரே நாளில் ஒன்றானது. தெற்கின் தினாரோ 1996 வரை செல்லுபடியாக இருந்தது. இரு படைகளும் கலக்கவே இல்லை. 1994இல் அவை ஒன்றோடொன்று போரிட்டன.

பேனாவா பென்சிலா

நாட்டுப் பெயரையும் ஊர்ப்பெயரையும் பென்சிலால் எழுதுங்கள், 2பி பென்சில் போதும். மாசிடோனியா 2019இல் வட மாசிடோனியா ஆனது. கஜகஸ்தான் தலைநகரை 1997இல் அல்மாட்டியிலிருந்து அக்மோலாவுக்கு மாற்றியது. அடுத்த ஆண்டே அதற்கு அஸ்தானா என்று பெயர். 2019இல் நூர்சுல்தான். 2022இல் மறுபடி அஸ்தானா. என் ஆல்பத்தில் அந்த இடத்தில் ரப்பர் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் மெலிந்து, பின்பக்கத்துக் கிர்கிஸ்தான் லேசாகத் தெரிகிறது.